துலாக்கோலின் இரு தட்டுகள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி. நாடு தழுவிய ஊரடங்கின் நான்காம் நாள். கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அன்று களமச்சேரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலமானார். கொரோனா நோயால் கேரளத்தில் நிகழ்ந்த முதல் மரணம் அது. சாதாரண நாளாக இருந்திருந்தால் தெருவே திரண்டு வந்திருக்கும். அன்றோ இறுதிச் சடங்கில் மிகச் சிலரே பங்கு கொள்ள அனுமதிக்கப்பட்டனர். இறந்தவரின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்ப்பதும் சட்டத்தின் அனுமதிக்கு உட்பட்ட காரியமாயிற்று.

அன்று தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஆட்சியாளர் முதல் அன்றாடக் கூலி வரை அனைவர் உள்ளத்திலும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. உயிரைக் காப்பதற்காக வாழ்க்கையை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கலாம்? மரணங்களை ஒரு தட்டிலும், நடமாட்டம், தொழில், கல்வி, வழிபாடு, உறவு ஆகியவற்றை மறு தட்டிலும் வைத்து நிறுக்க இயலுமா? இயலுமெனில் துலாக்கோலைப் பிடிக்கும் தகுதி யாருக்கு உண்டு?

நோய் தணிந்துவிட்டது. 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. கேள்வி மட்டும் தீரவில்லை. அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன், அச்சம் விலகிய அமைதியான காலத்திலேதான் இதனைச் சிந்திக்க முடியும்.

வீட்டிலிருக்கும் வசதி

'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவுரை மட்டாஞ்சேரியில் என்ன பொருள் தரும் என்று முதலில் பார்க்க வேண்டும். மிளகும் இஞ்சியும் மணக்கும் பழைய கிடங்குகளுக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள் நெருங்கிக் கிடக்கும் ஊர் அது. ஓர் அறையில் மூன்று தலைமுறையினர் உறங்கும் வீட்டில் 'தனித்திரு' என்பது எளிதில் நடைபெறக்கூடிய காரியமா? அங்கே சுமை தூக்குவோர், படகோட்டிகள், சிறு கடைக்காரர்கள் என அன்றைய உழைப்பில் அன்றைய அடுப்பு எரியும் குடும்பங்கள் ஏராளம்.

கூலி நாள் ஒன்று தவறுவது என்றால் என்ன என்பதை இந்த ஊர் நன்கு அறியும். ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்து அதைப் பற்றியவனுக்கே அன்று வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அந்த இழிவை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வேலை செய்யும் உரிமைக்காக உயிரைக் கொடுத்த ஊருக்கு, உயிரைக் காக்க வேலையை விடு என்று சொல்ல நேர்ந்தது.

அருகே ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்தில் சலவைத் துறை ஒன்று உள்ளது. பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய வண்ணார் குடும்பத்தினர் இன்றும் அங்கே கையால் துணி துவைத்து வாழ்கின்றனர். விடுதிகளில் விருந்தினர் இல்லையேல் துவைக்க விரிப்புகள் இல்லை. கணினியின் முன் அமர்ந்து மாதச் சம்பளம் பெற்றவருக்கு ஊரடங்கு ஒருவகை ஓய்வாகவே அமைந்தது. கல்தொட்டியின் முன் நின்று உழைத்தவருக்கு அதே ஊரடங்கு அடுப்பை அணைத்தது. சுதந்திரத்தைப் பற்றிய விவாதங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர் என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

பருந்தின் வாதம்

துலாக்கோல் என்றவுடன் பாரத மண்ணில் நினைவுக்கு வருவது சிபியின் வரலாறு. மகாபாரதத்தின் வனபர்வத்தில் இக்கதை இருமுறை வருகிறது. ஓரிடத்தில் மன்னன் உசீநரன், மற்றோரிடத்தில் அவன் மகன் சிபி. சோழர்கள் தம்மைச் செம்பியன் மரபினர் என அழைத்துக் கொண்டதும் சிபியின் வழித்தோன்றல்கள் என்ற பெருமையினால்தான். பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்கு மன்னன் அடைக்கலம் தந்தான். அதன் எடைக்கு எடை தன் தொடைச் சதையை அறுத்துத் தட்டில் வைத்தான். எவ்வளவு வைத்தும் ஈடாகாமல் இறுதியில் தானே தட்டில் ஏறி அமர்ந்தான். இக்கதையைக் கேட்காத குழந்தை இல்லை.

ஆனால் கதை சொல்பவர்கள் பருந்தின் பேச்சைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பருந்து கொடியது அல்ல, பசித்தது. 'மன்னா, நீ ஓர் உயிரைக் காக்கிறாய். உணவின்றி நான் இறப்பேன், நான் இறந்தால் என் மனைவி மக்களும் இறப்பர். ஒன்றைக் காக்கப் பலவற்றை அழிப்பது எப்படி அறமாகும்? வேறோர் அறத்துக்கு ஊறு செய்யும் அறம் அறமே ஆகாது' என்ற கருத்துப்பட அது வாதிடுகிறது. மன்னன் இந்த வாதத்தைத் தள்ளிவிடவில்லை. பருந்து சொல்வதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டதால்தான் அதற்கு மாற்று உணவு தேட முற்பட்டான்.

2020-ஆம் ஆண்டில் புறாவின் குரலும் கேட்டது, பருந்தின் குரலும் கேட்டது. மூச்சுத் திணறும் முதியவர் புறா. சொந்த ஊருக்கு நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்த தொழிலாளி பருந்து. 2020 மே 8-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர் சரக்கு ரயில் ஏறி மாண்டனர். அவர்களைக் கொன்றது நோய்க்கிருமி அல்ல. ஆகவே 'உயிரா, பொருளா?' என்று கேட்பது கேள்வியையே தவறாக அமைப்பதாகும். இரு தட்டுகளிலும் உயிர்களே இருந்தன.

இன்னொன்றும் கருதத்தக்கது. சிபி தட்டில் வைத்தது தன் சதையை. குடிமகன் ஒருவனின் சதையை அறுத்து வைத்திருந்தால் அவனை யாரும் பாடியிருக்க மாட்டார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் நிறுத்தவர்கள் வேறு, அறுக்கப்பட்டவர்கள் வேறாகப் போனதே துன்பத்தின் வேர். கேரளம் ஊரடங்கோடு கூடவே ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்தது, வீடுதோறும் மளிகைப் பொருள்கள் வழங்கியது, வெளிமாநிலத் தொழிலாளரை 'விருந்தினர்' என அழைத்தது. இவையெல்லாம் பருந்துக்கு உணவு தேடிய முயற்சிகள். குறைகள் இருந்தன; ஆயினும் நியாயம் உணரப்பட்டது. மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது அப்பழக்கத்துக்கு அடிமையானோர் சிலர் உயிரை மாய்த்துக்கொள்ள, மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க அரசு ஆணையிட்டதும், 2020 ஏப்ரல் 2-ஆம் தேதி உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்ததும் உண்டு. மதுவிலக்கை விரும்புவோரையும் சங்கடத்தில் ஆழ்த்தும் நிகழ்ச்சி இது! நன்மை என்று கருதிச் செய்யும் தடையும் ஓர் உயிரைப் பறிக்கக்கூடும்.

மூச்சும் அண்டை வீட்டாரும்

தனிமனித சுதந்திரத்தை வலியுறுத்தியோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட நூலில், பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக அன்றி ஒருவனைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமில்லை என்று நிறுவினார். 'என் உடல், என் விருப்பம்' என்பதற்கு அதுவே ஆதாரம். ஆனால் இந்நோயில் தீங்கு மூச்சின் வழியே சென்றது. அறிகுறி ஏதுமில்லாதவரும் அறியாமலே பிறருக்கு நோயைத் தந்தார். தீய எண்ணம் இல்லை, எனினும் தீங்கு உண்டு. மேலைநாட்டுச் சட்ட அறிவு இங்கே தயங்கி நிற்கும்.

மட்டாஞ்சேரியின் குஜராத்தி சாலையில் தர்மநாதருக்குரிய சமணக் கோயில் ஒன்று உண்டு. மூச்சுக்காற்றினால் நுண்ணுயிர்க்கும் துன்பம் நேரலாகாது என்று வாயைத் துணியால் மூடும் துறவியர் சமண நெறியில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றனர். அறியாமல் நிகழும் ஹிம்சைக்கும் பொறுப்பேற்கும் மனப்பான்மை அது. முகக்கவசம் ஓர் அடிமைத்தளை என்று உலகின் பல நகரங்களில் ஊர்வலம் சென்றபோது, அந்தத் துறவியரை எவரும் சுதந்திரம் இழந்தவர் என்று எண்ணியதில்லை. தானே ஏற்கும் கட்டுப்பாடும் பிறர் சுமத்தும் கட்டுப்பாடும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. உள்ளே அவை வேறு.

இந்த வேறுபாட்டை அரசுகள் மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பூனா நகரமே சான்று. பிளேக் பரவியபோது 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது; மக்களுக்கு அரசு ஆற்ற வேண்டிய கடமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து பெண்களையும் பூஜை அறைகளையும் சோதனையிட்டனர். பிளேக் அதிகாரி ராண்ட், அவ்வாண்டு ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவில் அதே நோய் பரவியபோது சகோதரி நிவேதிதை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தாமே சந்து ஒன்றைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். கண்ட இளைஞர்கள் நாணி உடன் சேர்ந்தனர். நோய் ஒன்றே. ஓரிடத்தில் ஆணை, ஓரிடத்தில் துடைப்பம். 2020 மார்ச்சில் மாநிலங்கள் பலவும் முதலில் கையிலெடுத்தது அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையே என்பது வியப்புக்குரியது.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு இதைவிட ஆழமாகச் சிந்தித்திருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் காக்கிறது. 25-ஆம் பிரிவு வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தரும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று சொல்லியே தொடங்குகிறது. மசூதி, கோயில், தேவாலயம், யூதர்களின் ஜெபாலயம் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்த மட்டாஞ்சேரியில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2021 ஜூலையில் பக்ரீத் பண்டிகைக்காகக் கேரள அரசு மூன்று நாள்கள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. வணிகர்கள் வருந்திக் கேட்டுக்கொண்டதன் பேரில் அது செய்யப்பட்டது. ஜூலை 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அதே மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் காவடி யாத்திரையையும் அதே நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. எந்தச் சமயத்தாரும் தம் பண்டிகைக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது என்பது இதனால் விளங்கிற்று. எனினும் கட்டுப்பாடுகளால் கடையைச் சரிவரத் திறக்க இயலாமல் கடனில் மூழ்கிய துணிக்கடைக்காரருக்கு அந்த மூன்று நாள்கள் பேராசை அல்ல என்பதையும் மனிதநேயமுள்ளோர் ஒப்புக்கொள்வர்.

கட்டுப்பாடுகளால் விளைந்த பயன் என்ன? 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய குருதி ஆய்வில், நாடு முழுவதும் 67.6 சதவீதத்தினரிடம் நோய் எதிர்ப்பணுக்கள் காணப்பட்டன, கேரளத்தில் 44.4 சதவீதமே. அதாவது தடுப்பூசி வந்து சேரும்வரை பெருந்தொகையினரை நோய் தீண்டாமல் காத்திருக்கிறது அம்மாநிலம். இது சிறிய சாதனையன்று. காலத்தை வாங்குவதே ஊரடங்கின் ஒரே நியாயம்; வாங்கிய காலம் உயிர்களாக மாறியது. மறுபுறம், 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் பெரும்பாலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஸ்வீடன் நாடு சிறுவர் பள்ளிகளை மூடவே இல்லை. ஏறத்தாழ இருபது மாதங்கள் கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தை இழந்ததை எந்த ஆய்வு அளக்கும்? கடைத்தெருவும் பேருந்தும் திறந்த பின்னும் பள்ளி மூடிக்கிடந்ததற்குத் தக்க நியாயம் காண்பது கடினம். குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

முதியோர் விஷயத்தில் நேர்ந்தது இன்னும் நுட்பமானது. 'வயதானவர்தானே, எப்படியும் போகிறவர்' என்ற பேச்சு அந்நாளில் படித்தவர் வாயிலிருந்தும் வந்தது. எண்பது வயதின் உயிர் இருபது வயதின் உயிரைவிட எடை குறைந்தது என்று துலாக்கோலில் எழுதியிருக்கவில்லை. அடைக்கலம் என்று வந்த புறாவின் வயதைச் சிபி கேட்கவுமில்லை. இதற்கு நேர் எதிரான தவறும் நடந்தது. முதியோரைக் காப்பதற்கென்றே அவர்களை அறைக்குள் ஒதுக்கிவைக்கும் முறையைக் கேரளம் பரவலாகக் கைக்கொண்டது. நோக்கம் நல்லது. ஆனால் எஞ்சியிருப்பதே சில ஆண்டுகள் என்றால், பேரனைத் தொடாமல் கழியும் இரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு மிகப் பெரிய விலை. கோயில் வாசலில் ஒரு நாழிகை நின்று, நோய் வந்தால் வரட்டும் என்று துணிய ஒரு மூதாட்டிக்கு உரிமை உண்டா? வீட்டில் அவள் தனியாக இருந்தால் உண்டு என்று சொல்லலாம். கருவுற்ற மருமகளோடு வாழ்ந்தால்? விடை அவளிடமிருந்தே வந்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவளைக் கேட்கவே இல்லை.

மரணத்தின் கணக்கும் நேர்மையைச் சோதித்தது. 2020–21 ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்க மறுத்தது. அரசின் கணக்கில் உள்ளவை ஐந்து லட்சத்துச் சொச்சம். 2021 அக்டோபரில் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றபின், விடுபட்ட பெயர்களைச் சேர்க்கக் கோரி கேரளத்தில் மனுக்கள் குவிந்தன. மாநிலத்தின் கணக்கு படிப்படியாக உயர்ந்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. தந்தையின் மரணச் சான்றிதழில் நோயின் பெயரை எழுதித் தருமாறு கேட்டு மக்கள் விண்ணப்பம் அளித்தனர். பணம் வேண்டியவர்களும் இருந்தனர், அந்தச் சொல் மட்டும் போதும் என்றிருந்தவர்களும் இருந்தனர்.