படகில் ஏறுமுன் சிந்திப்போம்



அலைகள் சூழும்போது மனிதன் அல்லாஹ்வை மட்டுமே அழைக்கிறான். கரை சேர்ந்ததும் மறந்துவிடுகிறான் என்று திருமறை எச்சரிக்கிறது. கப்பல் ஆபத்து என்றதும் நமக்கு உப்புக் கடல்தான் நினைவுக்கு வரும். நன்னீர் ஏரியும் உயிர் குடிக்கும் என்பதை நாம் எண்ணுவதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள விக்டோரியா ஏரி சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகளும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 1996 மே 21 அன்று, முவான்சா துறையை நோக்கி வந்த 'புகோபா' என்னும் கப்பல் அதில் கவிழ்ந்தது. 430 பேருக்கான கப்பல் அது. ஏறியவர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. மூழ்கியவர்களோ பல நூறு பேர். 2018 செப்டம்பர் 20 அன்று அதே ஏரியில் 'நியரேரே' என்னும் படகு, உகாரா தீவின் துறையை நெருங்கும்போது கவிழ்ந்தது. 101 பேர் ஏறவேண்டிய படகில் இருமடங்குக்கு மேல் ஏறியிருந்தனர். 228 பேர் இறந்தனர். நமக்கு அருகில், தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர்.

நீரில் மூழ்கி இறப்பவரும் ஷஹீத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இறந்தோருக்கு அது ஆறுதல். உயிரோடிருக்கும் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது: அளவுக்கு மீறி ஆள் ஏறியபோது பார்த்திருந்தவர்கள் ஏன் தடுக்கவில்லை?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகக் கூறினார்கள். கீழ்த்தட்டில் இருந்தோர் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. மேலே இருப்போருக்கு ஏன் தொல்லை என்று தம் பகுதியிலேயே ஓட்டை போட எண்ணினார்கள். மேல்தட்டினர் அவர்களைத் தடுத்தால் எல்லோரும் தப்புவர். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர்.

"இன்னும் பத்துப் பேர்தானே" என்று ஏற்றுவதும் கப்பலில் ஓட்டை போடுவதுதான். ஏற்றுபவன் அமானிதத்தில் மோசம் செய்கிறான். இடமில்லை என்று தெரிந்தும் ஏறுபவனும், கண்டும் வாய்மூடி நிற்பவனும் அதில் பங்காளிகள்.

"அல்லாஹ் காப்பான்" என்று சொல்லி ஏறிவிடுவது தவக்குல் ஆகுமா? நூஹ் (அலை) அவர்களைக் காப்பதாக வாக்களித்த நாயனே, பலகையும் ஆணியும் கொண்டு கப்பல் கட்டவும் கட்டளையிட்டான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பதே நபிவழி.

ஆகவே, விடுமுறையில் பிள்ளைகளுடன் படகேறப் போகும் பெற்றோரே! ஆட்களை எண்ணுங்கள். மிதவைச் சட்டை கேளுங்கள். பிள்ளைகளுக்கு அணிவித்து நீங்களும் அணியுங்கள். ஒரே பக்கம் எல்லோரும் சாயாதீர்கள். கூட்டம் மிகுந்தால் இறங்கிவிடுங்கள். மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு பிஸ்மில்லாஹ் கூறிப் பயணத்தைத் தொடங்குங்கள்.

நீரில் மாண்டோர் அனைவரின் குடும்பத்தாருக்கும் வல்ல அல்லாஹ் பொறுமையை அருள்வானாக! பிறர் உயிரைப் பேணும் உள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.