மனமொப்பிய உதவி

கீழப்பாவூரில் நமக்கு வேண்டிய ஒரு வீட்டின் புறவாசலில் சென்ற ஆண்டு ஒரு பட்டறை எழும்பியது. 16 அடி நீளம், 10 அடி அகலம். வளைகுடா நாட்டில் எட்டாண்டுகள் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் இளைஞர், இனி ஊரிலேயே கிரில் கேட்டும் ஜன்னலும் செய்து பிழைப்பது என்று முடிவு கட்டினார். பாவூர்ச்சத்திரத்தில் மெயின் ரோட்டின் மேல் கடை பிடிப்பதானால், அட்வான்ஸ் தொகையே அவருடைய சேமிப்பை விழுங்கிவிடும். வட்டிக்கு வாங்க மனம் இடங்கொடுக்கவில்லை. புறவாசல் சும்மா கிடந்தது, நண்பர்களும் இருந்தார்கள். நாற்பது நாளில் பட்டறை தயார்.

நண்பர்களில் ஒருவர் கொத்தனார். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் வேலை பார்த்தபோது, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய சிக்கன முறையை அவர் கற்றிருந்தார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, இரு வரிசைக்கும் நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. 9 அங்குலச் சுவர்தான். ஆனால் கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் மிச்சம். பொந்தில் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். கதவும் ஜன்னலும் இடித்த வீட்டில் வாங்கியவை. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று நம் பகுதியில் யாருக்குத் தெரியாது? அதனால் கூரைத் தகரத்தை மட்டும் சிக்கனம் பாராமல் அடிக்கு அடி கொக்கி போல்ட்டு போட்டு இறுக்கினார்கள்.

கூலி என்று ஒரு காசு யாரும் வாங்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களெல்லாம் இதைப் பற்றியே பேசினார்கள். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்று திருமறை ஐந்தாம் அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிட்டிருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று நாமும் சொன்னோம்.

அடுத்த வாரம் அந்தக் கொத்தனாரின் மனைவி நம் வீட்டுப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நட்புன்னு போனாவ, சரிதான். அந்த அஞ்சு நாளும் எங்க வீட்டு அரிசிப் பானைக்கு யாரு நட்பு?"

அன்றைக்குப் பிடித்த யோசனைதான் இது. உதவி என்று வருவதெல்லாம் உள்ளம் உவந்து வருவதுதானா? கேட்பவன் நண்பன், மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள், அன்றாடக் கூலிக்காரர் ஒருவர் மட்டும் 'என்னால் இயலாது' என்று எப்படிச் சொல்வார்? வாய் சரி என்கிறது. அது மனத்தின் சம்மதமா, முகத்தாட்சண்யமா? முகத்தாட்சண்யம் என்றால், அவருடைய ஐந்து நாள் உழைப்பு நமக்கு ஹலால்தானா?

இதென்ன, நட்புக்குள் கணக்குப் பார்ப்பதா என்று சில அன்பர்கள் கோபிக்கலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பள்ளிவாசல் கட்டவும் அகழ் வெட்டவும் ஸஹாபாக்கள் கூலி கேட்டார்களா என்பார்கள். கேட்கவில்லைதான். ஆயினும் அந்த வரலாறுகளைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் அடிமையாயிருந்தார்கள். 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுக் கொடுத்து, 40 ஊக்கியாப் பொன்னும் கொடுத்தால் விடுதலை என்று பேச்சு. உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். ஒருவர் 30 கன்று கொண்டு வந்தார், ஒருவர் 20, ஒருவர் 15, ஒருவர் 10. எல்லாரும் தலைக்கு இத்தனை என்று வரி போடவில்லை. பத்துக் கன்று கொண்டு வந்தவரை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. அவரவர் வசதிக்கு அவரவர் கொடுத்து 300 நிறைந்தது. குழிகளை வெட்டியதும் கன்றுகளைப் பெருமானாரே தம் திருக்கரத்தால் நட்டார்கள். நம்முடைய இளைஞர் 'ஆளுக்கு ஐந்து நாள்' என்று சமமாகப் பங்கிட்டாரே, அதுதான் தவறிய இடம். மாதச் சம்பளக்காரருக்கும் அன்றாடங்காய்ச்சிக்கும் ஐந்து நாள் என்பது ஒரே அளவு அல்ல.

இரவல் கருவி விஷயத்தில் இன்னொரு வழக்கு வந்தது. மரவேலை செய்யும் ஒரு நண்பர் தம்முடைய டிரில்லிங் மெஷினைக் கொடுத்திருந்தார். மரத்தில் துளையிடும் அந்த மெஷினைக் கொண்டு கான்கிரீட் தூணைக் குடைந்ததில் காயில் கருகிவிட்டது. கொடுத்தவர் பெருந்தன்மையாக, "போனால் போகுது, விடுங்க" என்றார். விட்டுவிடலாமா?

மாவூன் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதாதவர் நம்மில் குறைவு. அதன் கடைசி வசனத்தில் கண்டிக்கப்படுகிற கஞ்சத்தனம், வாளி, சட்டி, கோடரி போன்ற புழங்கு சாமான்களை அண்டை அயலாருக்கு இரவல் தர மறுப்பதே என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே கொடுப்பவர் கொடுக்கத்தான் வேண்டும். வாங்குபவருக்கோ வேறு சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் பொருளுக்கு வாங்கியவரே பொறுப்பு. அனுமதித்தபடி புழங்கியதால் தேய்ந்ததற்கு மட்டும் பொறுப்பில்லை. ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். வரம்பு மீறினால்தான் ஈடு. மரத்துக்குக் கொடுத்ததைக் கான்கிரீட்டுக்குப் பாய்ச்சியது எந்த மத்ஹபிலும் வரம்பு மீறியதுதான்.

இதில் நம் மனத்தைத் தொடுவது ஸஃப்வான் இப்னு உமையாவின் சம்பவம். மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8-ல், ஹுனைன் போருக்குப் புறப்படுமுன் பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஃப்வானிடம் போர்க் கவசங்களைக் கேட்டார்கள். அப்போது அவர் இஸ்லாத்தில் சேரவில்லை. ஊரையே வென்ற தலைவர் கேட்கிறார். தோற்றவர் எப்படி மறுப்பார்? அதனால்தான் ஸஃப்வான், இது பறிமுதலா என்று வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். இல்லை, ஈட்டுப் பொறுப்புள்ள இரவல் என்று பதில் வந்தது. கேட்பவருடைய கை ஓங்கியிருக்கும்போது, கொடுப்பவருடைய சம்மதத்தின் மீது சந்தேகம் விழுகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே, கேட்டவர் தாமாக முன்வந்து பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். இளைஞரிடம் இதைச் சொன்னோம். மறுநாளே தென்காசிக்குப் போய்ப் புதிய மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் எளிதில் தீர்ந்தது. கடினமானது நிலம்.

பட்டறையின் மேற்குச் சுவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சியுடையது. கைமரத்தை அதன்மேல் சாய்க்க இளைஞர் முறையாகப் போய் அனுமதி கேட்டார். "தூக்கி வையுங்க பாய், சுவரு என்ன தேஞ்சா போயிரும்?" என்றார் அவர். அண்டை வீட்டுக்காரர் தம் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்காதீர்கள் என்பது முஸ்லிம்களுக்கு வந்த உபதேசம்; அதை ஒரு ஹிந்து சகோதரர் கேட்காமலே நிறைவேற்றினார். ஆனால் சுவருக்கு அனுமதி கேட்ட அதே இளைஞர், தரைக்கு யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் புறவாசல் அவருடைய வாப்பா விட்டுப்போன சொத்து. தாயும் காலமாகிவிட்டார். வாரிசுகள் இருவர்: இவரும், கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட ஒரே தங்கையும். அன்னிஸா அத்தியாயத்தின் 11-ஆம் வசனப்படி மூன்றில் ஒரு பங்கு தங்கையுடையது. பாகம் பிரிக்கவில்லை. நம் வீடுகளில் யார்தான் காலத்தோடு பிரிக்கிறார்கள்? பட்டறை திறந்த அன்று விருந்து. கூடியிருந்த நாற்பது பேர் முன்னிலையில் இளைஞர், "உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையேம்மா?" என்று கேட்டார். "நான் என்ன கேக்கப் போறேன் அண்ணே" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். நாமும் அங்கேதான் இருந்தோம், நாமும் சொன்னோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு 1111) தம் 'இஹ்யா'வில் இதைக் குறித்து எச்சரிக்கிறார்கள். சபையிலே கேட்டு, வெட்கத்தால் ஒருவரைக் கொடுக்கச் செய்வதும் அடித்துப் பறிப்பதும் ஒன்றே என்பது அவர்கள் கருத்து. ஒன்று உடம்பின் மேல் விழும் அடி, மற்றது உள்ளத்தின் மேல் விழும் அடி, அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது பேர் முன்னால் ஒரு தங்கை 'ஆட்சேபம் உண்டு' என்று சொல்லக்கூடிய ஊர் எங்கே இருக்கிறது?

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி எழும்பிய இடம், பேரீச்சம்பழம் காயப்போடும் களம். இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவர்கள் அதை இலவசமாகவே தர முன்வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒப்பவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். அதன் பிறகுதான் தோழர்களோடு தாமும் கல் சுமந்தார்கள். பேரீச்ச மரத்தூண், ஓலைக் கூரை, மண் கல்: அதைவிடச் சிக்கனமான கட்டடம் இல்லை. உழைப்பை இலவசமாக ஏற்றார்கள். மறுக்கத் தெரியாதவர்களின் சொத்தை இலவசமாக ஏற்கவில்லை. நாம் அந்தப் பள்ளியின் எளிமையைப் பற்றி எத்தனையோ பயான் கேட்டிருக்கிறோம். அந்தக் கிரயத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை.

இதை இளைஞரிடம் சொல்ல நமக்கே சங்கடமாயிருந்தது. அவர் பேசாமல் கேட்டார். ஒரு நாள் அஸருக்குப் பிறகு தனியாகக் கடையநல்லூருக்குப் போனார். தங்கை வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, "வாடகை வேணுமா, கிரயமா, இல்லை பிரிச்சுத் தரணுமா, நீயே யோசிச்சுச் சொல்லு. இப்பச் சொல்ல வேண்டாம். ஒரு மாசம் ஆகட்டும். எதைச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கொத்தனாரோ கூலியைக் கடைசிவரை வாங்க மறுத்தார். அவர் வீட்டுத் திண்ணைக்கு ஒரு கிரில் செய்து மாட்டி, அந்த வகையில் கணக்கு நேரானது.

பதினெட்டு நாள் கழித்துத் தங்கையிடமிருந்து தகவல் வந்தது. வாடகை வேண்டாம், அண்ணன் தாராளமாகப் புழங்கலாம், ஆனால் தன் பங்கை அளந்து பத்திரம் எழுதித் தர வேண்டும், தனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. ஆள் வைத்து அளந்தபோது, கோடு பட்டறைக்குள்ளே, வெல்டிங் மேசைக்கு இரண்டடி கிழக்கே விழுந்தது. தரையில் மஞ்சள் பெயிண்ட்டால் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்திரப் பதிவு இந்த மாதம் நடக்கிறது.