ஒரு வாரத்தில் உலகம்

அமெரிக்காவில் கோடை விடுமுறை நீண்டது. ஜூன் மாத வாக்கில் பள்ளிக்கூடத்தை மூடினால் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோதான் மறுபடி திறக்கிறார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில் அத்தனை நாளும் குழந்தையை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அந்த நாட்டார் கண்டிருக்கும் விடைகளுள் ஒன்று பகல் முகாம். காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வரலாம். நீச்சல், ஓவியம், நாடகம் என்று முகாம்களில் பல வகை உண்டு. உலக நாடுகளின் பண்பாட்டைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்து வைப்பது அவற்றில் ஒரு வகை.

அதன் நடைமுறை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் நாள் ஒவ்வொரு குழந்தைக்கும் அட்டையில் செய்த பாஸ்போர்ட் ஒன்று கொடுப்பார்கள். திங்கட்கிழமை ஜப்பான், காகிதத்தில் கொக்கு மடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மெக்ஸிகோ, மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்ட காகிதப் பொம்மையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடித்து உடைக்க வேண்டும். நம் உறியடிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை. புதன்கிழமை கானா, மேளம் கொட்டலாம். வியாழக்கிழமை இந்தியா, கையில் மருதாணி, தரையில் கோலம், நெற்றியில் ஒட்டுப் பொட்டு. ஒவ்வொரு நாளும் மாலையில் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழும். வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்து பார்த்துக் கை தட்டுவதோடு உலகம் முடிந்துவிடும்.

'வியாழக்கிழமை இந்தியா' என்றதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்த தெருக்காரரின் சமையலே நமக்குப் புரியாதபோது, இத்தனை பெரிய தேசத்தை ஒரு பகலில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போக, காட்டி முடித்துவிட முடியுமா? ஆனால் சிரித்துவிட்டு ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஜப்பான் என்றால் சண்டை போட்ட நாடு என்று மட்டும் தெரிந்த குழந்தையைவிட, அங்கே காகிதத்தில் கொக்கு மடிப்பார்கள் என்று தெரிந்த குழந்தை மேல் அல்லவா? எதற்கும் ஓர் ஆரம்பம் வேண்டும். அந்த ஆரம்பம் விளையாட்டாக இருப்பதில் தவறு என்ன?

இந்தக் கேள்வியைச் சில நாட்களாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டாகப் பிறருடைய வேடத்தைப் பூணுகிறவனுக்கு அந்தப் பிறரிடம் மதிப்புப் பிறக்குமா? பிறக்கும் என்று நம்பித்தான் பெரியவர்கள் இவற்றையெல்லாம் நடத்துகிறார்கள். ஆனால் அதே தேசத்து முகாம்களின் பழைய வரலாறு அவ்வளவு சுலபமாக நம்பவிடுவதில்லை.

எர்னெஸ்ட் தாம்ஸன் ஸீட்டன் என்ற எழுத்தாளர் 1902-ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் சிறுவர்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். அமெரிக்கப் பழங்குடியினரைப் போலக் காட்டில் கூடாரமடித்து, நெருப்பைச் சுற்றி அமர்ந்து, இறகு சூடி, தலைவனைத் தேர்ந்தெடுத்து வாழப் பழகுவது அதன் முறை. ஸீட்டன் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். பழங்குடியினரிடம் மெய்யான பக்தியே அவருக்கு இருந்தது. அவருக்குப் பின்னால் எத்தனையோ முகாம்கள் பழங்குடிப் பெயர்களைச் சூட்டிக்கொண்டன. வெள்ளைக்காரக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கோடைதோறும் இறகுத் தொப்பி அணிந்து ஆடினார்கள்.

சரி, அதே காலத்தில் அந்தத் தொப்பிக்கு உரிய குழந்தைகள் எங்கே இருந்தார்கள்?

1879-இல் பென்ஸில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில், பழைய ராணுவ முகாம் ஒன்றில், பழங்குடிக் குழந்தைகளுக்காக அரசாங்கம் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தது. 1918 வரையில் அது நடந்தது. அதைப் பார்த்து வேறு பள்ளிகளும் தோன்றின. அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். சொந்த மொழியில் பேசக் கூடாது என்றார்கள். முதல் ஆண்டிலேயே அங்கே சேர்ந்த லகோட்டாச் சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற பெயரில் 1928-இல் தன் வரலாற்றை எழுதினான். கரும்பலகையில் ஏதோ கோடுகள் எழுதியிருந்தன. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். அவை பெயர்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒன்றைத் தொட்டான். அன்று முதல் அவன் லூதர்.

அதோடு நிற்கவில்லை. 1883-இல் வந்த அரசாங்க விதிகள் பழங்குடியினரின் சமயச் சடங்கு நடனங்களைக் குற்றமென்று அறிவித்தன. ஆடியவனுக்கு அரசாங்கம் அளந்த உணவுப் பொருளை நிறுத்தித் தண்டித்தார்கள். ஒரே தேசம்; உரியவன் ஆடினால் பட்டினி, உரிமையில்லாதவன் ஆடினால் கைதட்டல். அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதுகாப்பதற்கென்று தனிச் சட்டம் வருவதற்கு 1978-ஆம் ஆண்டு ஆயிற்று.

இறகுத் தொப்பி அணிந்து ஆடிய அந்தச் சின்னப் பையன் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவன் மனத்தில் இருந்தது ஆசைதான். ஆனால் அந்த ஆசை, குச்சியால் பெயரைத் தொட்ட இன்னொரு பையனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. வேடத்தை நேசிப்பது வேறு, வேடத்துக்கு உரியவனை நேசிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே பெரிய அகழி கிடக்கிறது என்பதை இந்த வரலாற்றிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

தூரத்துக் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். நம் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் மாறுவேடப் போட்டி நடக்கிறது. பாசிமணியும் கூடையும் கொடுத்துக் குழந்தையைக் குறத்தியாக மேடையேற்றி, மழலையில் "சாமியோவ்" என்று கூவ வைத்து, பரிசும் கொடுக்கிறோம். அதே பாசிமணி விற்கிறவர் பள்ளி வாசலில் தம் குழந்தையோடு நின்றால் காவற்காரர் விரட்டுகிறார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

எழுத்தாளனாகிய எனக்கு இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கதை எழுதுவது என்ன தொழில்? பிறர் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளும் தொழில்தானே? மீனவனாக, விதவையாக, திருடனாக நான் பேசுகிறேன். நானும் இறகுத் தொப்பி சூடியவன்தான். ஆகையால் பிறர் வேடமே பூணக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் பேனாவை மூடி வைக்க வேண்டும். எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தை, இதற்கு உரியவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படிப்பேனா? நாக்குத் தடுமாறுமென்றால் ஏதோ பிழை இருக்கிறது என்று அர்த்தம். வேடிக்கை, முகாம், மேடை எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்று நினைக்கிறேன்.

உரியவரே எதிரே வந்து உட்கார்ந்த ஒரு சந்தர்ப்பமும் வரலாற்றில் உண்டு. சார்லஸ் ஈஸ்ட்மன் என்பவர் டகோட்டாப் பழங்குடியில் பிறந்து டாக்டர் ஆனவர். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுக் கொன்றபோது, குற்றுயிராகக் கிடந்தவர்களை ஒரு தேவாலயத்துக்குள் கிடத்தி, கிறிஸ்துமஸ் தோரணங்கள் இன்னும் அவிழ்க்கப்படாத கூரையின் கீழ் வைத்தியம் செய்தவர் அவர். அதே மனிதர் 1914-இல் வெள்ளைக்காரச் சிறுவர் சிறுமியருக்காகக் காட்டுவாசக் கலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் குடும்பத்தோடு ஒரு கோடை முகாமே நடத்தத் தொடங்கினார். தம் மக்களைச் சுட்டவர்களின் இனத்துக் குழந்தைகளுக்கு நெருப்பு மூட்டக் கற்றுக் கொடுக்கும்போது அந்த மனிதர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடைக்காது. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த முகாமில் பழங்குடியினன் பொம்மை அல்லன், ஆசிரியன்.

ஆகவே உரியவரைக் கூட்டிவந்து குழந்தைகளோடு உட்கார வைத்துவிட்டால் போதுமா? போதாது என்று சொல்லுகிறது இன்னொரு முகாம்.

1954-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற மலைக்காட்டுப் பூங்காவில் இருபத்திரண்டு சிறுவர்களைக் கூட்டினார்கள். எல்லோரும் பதினொரு வயதை ஒட்டியவர்கள். ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரிக் குடும்பம். நடத்தியவர் முஸாபர் ஷெரிப் என்ற உளநூல் அறிஞர். துருக்கியில் பிறந்து, முதல் உலகப் போருக்குப் பின் அங்கே மூண்ட கிரேக்க–துருக்கிச் சண்டையைச் சிறு வயதில் கண்டவர். சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பரிசுப் போட்டிகள் வைத்தார். 'கழுகுகள்' என்று ஓர் அணி. விஷப் பாம்பு ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டது மற்றோர் அணி. சில நாட்களில் கொடியை எரித்தார்கள். இரவில் குடிசை புகுந்து சூறையாடினார்கள். வேறு நாடும் வேறு தோலும் இல்லாமலே பகை வளர்ந்துவிட்டது!

பிறகு ஷெரிப் இரு அணியையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார். ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். சந்திப்பு மட்டும் அன்பைத் தருவதில்லை. சண்டைக்கு வசதியான இடத்தையும் அது தரலாம். கடைசியில் குடிநீர் வருவது நின்றது. தொட்டியையும் குழாயையும் எல்லோரும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. அணிகள் கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராகப் பிடித்திருந்த அதே கயிற்றை லாரியில் கட்டி, இம்முறை எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். ஊர் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகிறோம் என்று அவர்களாகவே கேட்டார்கள்.

அழகான கதைதான். ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். தண்ணீரை நிறுத்தியவர்களும் லாரியைப் பழுதாக்கியவர்களும் பெரியவர்களே. பகைக்கு வழி செய்தவர்களும் அவர்களே. முந்திய ஆண்டு, 1953-இல், நியூயார்க் மாநிலத்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தபோது பையன்கள் பகைத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பெரியவர்கள் ஏதோ சூழ்ச்சி செய்கிறார்கள் என்று கண்டுகொண்டார்கள், சோதனை நின்றது. அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பகையும் சிநேகமும் குழந்தைகளிடம் தாமாக முளைத்தவை அல்ல. நாம் அமைத்துக் கொடுக்கும் போட்டியிலும் வேலையிலும் முளைப்பவை. பொறுப்பு நம்முடையது.

இந்தப் பொறுப்பை உணர்ந்து செயல்பட்டவர் ஒரு பெண்மணி. டாரிஸ் ஆலன் என்ற உளநூல் அறிஞர், 1951-இல் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் பல நாட்டுக் குழந்தைகளைக் கூட்டி வாரக்கணக்கில் ஒன்றாக வாழ வைத்தார். வந்தவர்கள் பதினொரு வயதுக் குழந்தைகள். தன் வீட்டுப் பழக்கம் மனத்தில் படிந்திருக்கும், பிறர்மேல் வெறுப்பு இன்னும் படிந்திராது என்பதால் அந்த வயதைத் தேர்ந்தார். வந்தவர்களில் நார்வேக் குழந்தைகளும் ஜெர்மன் குழந்தைகளும் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1951-இல் பதினொரு வயது என்றால் பிறந்தது 1940; ஜெர்மானியப் படை நார்வேக்குள் நுழைந்த ஆண்டு. அந்தப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே மேஜையில் உண்டார்கள். அந்த வகைக் கிராமங்கள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன.

எல்லாப் பெற்றோருக்கும் இது இயலாது. வேலைக்குப் போகிற தாய்க்குக் கிடைப்பது அந்த ஐந்து நாள் பகல் முகாம்தான். அதை மூடிவிடச் சொல்ல நான் யார்? இரண்டு யோசனை மட்டும் சொல்வேன். முதலாவது, வியாழக்கிழமை கோலம் போட்டால் போதாது. குழந்தைகள் சேர்ந்து சமைக்கட்டும், சேர்ந்து பாத்திரம் கழுவட்டும். கயிற்றை ஒரே பக்கம் நின்று இழுக்கும் வேலை ஏதாவது வேண்டும். இரண்டாவது, வெள்ளிக்கிழமையைக் காட்சிக்கு விடாமல் தங்கள் சொந்த நாட்டுக்கு ஒதுக்கட்டும். அமெரிக்கப் பண்பாடு என்பது என்ன என்று அந்தக் குழந்தைகள் ஓர் அந்நியருக்கு விளக்கிச் சொல்லட்டும்.

பிறந்த நாளில் மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் பாட, அதை வாயால் ஊதி அணைப்பானேன் என்று ஒருவர் கேட்டால் அந்தக் குழந்தை திகைக்கும். அது உலகத்து வழக்கம் என்றல்லவா அது நினைத்திருக்கும்? என் பாட்டி விளக்கை அணைப்பது என்று சொல்லவே மாட்டாள். குளிர வைப்பது என்பாள். சுடரை வாயால் ஊதினால் அடித்துவிடுவாள். என் பேச்சைக் கேட்டு அந்தக் குழந்தை, "என்ன விசித்திரமான பாட்டி!" என்று சொல்லலாம். அதன் வழக்கத்தைக் கேட்டு என் பாட்டியும் அதையே சொல்லியிருப்பாள். தானும் ஒருவருக்கு விசித்திரம் என்று தெரிந்துகொண்ட அந்த மாலையில், பாஸ்போர்ட்டில் ஐந்தாவது முத்திரையைக் குத்தலாம். மற்ற நாலு முத்திரைக்கும் அப்போதுதான் மதிப்பு உண்டாகும்.