உடன்படலும் வினையே



"நமக்கு அரசியல் எதற்கு? நோன்பும் பூசையும் இல்லறமும் போதாவா?" என்று நம் மக்களுள் பலர் கூறக் கேட்கிறோம். கூறுவோர் நல்லவர்களே. ஆயினும் நம் ஆகமம் அவர்களுக்கு அத்தகைய ஒதுங்கிடம் எதனையும் தரவில்லை. உயிருக்கு வினை வந்து சேரும் வழிகளை எண்ணிய ஆசாரியர்கள், தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல் என்று மூன்றாக வகுத்தனர். கிருதம், காரிதம், அனுமோதனை என்பன அவை. இவற்றை மனம், மொழி, மெய் ஆகியவற்றோடு உறழ்ந்தால் ஒன்பதாகும். பொதுமக்கள் கருத்து என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அது யாது? எண்ணற்றோரின் அனுமோதனை ஒருங்கு திரண்டதே அது. வாக்குச் சாவடியில் பொத்தானை அழுத்தும் விரல் உடன்படுகிறது. திண்ணையில் அமர்ந்து, "சரியாகத்தான் செய்தார்கள்" என்று சொல்லும் நா உடன்படுகிறது. ஒன்றும் சொல்லாமல் உள்ளூர மகிழும் மனமும் உடன்படுகிறது.

அக்கருத்தை உருவாக்குவதில் சமயத்திற்குப் பெரும்பங்கு உண்டு. எது உணவு, எது கொலை, எது நற்சாவு என்பவற்றை ஒருவர் எந்தக் கட்சியிடமும் கற்பதில்லை. சிறு பிராயத்திலேயே அடுக்களையிலும் ஜினாலயத்திலும் கற்றுவிடுகிறார். பின்னாளில் ஒரு சட்டத்தை அவர் ஆதரிக்கும்போதும் எதிர்க்கும்போதும் அந்த இளமைப் பாடமே உள்ளிருந்து பேசுகிறது. இஃது எல்லாச் சமயத்தார்க்கும் பொது. நம்மளவில், 2015ஆம் ஆண்டில் அடுத்தடுத்த இரு மாதங்களில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொண்டு சிந்திப்போம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், சல்லேகனை நோன்பு தற்கொலையே என்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடநாட்டில் அதனைச் சந்தாரா என்பர். நோற்பவர் மீது தற்கொலை முயற்சிக்கும், துணை நிற்போர் மீது அதற்குத் தூண்டியமைக்கும் வழக்குத் தொடரலாம் என்றாயிற்று. ஆகஸ்ட் 24 அன்று நாட்டின் பல நகரங்களில் ஜைனர்கள் வாய்திறவாது ஊர்வலம் சென்றனர். அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

தமிழ் மண்ணிற்கு இந்நோன்பு புதிதன்று. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றிற்குச் சென்றவர்கள் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் வணங்கியிருப்பீர்கள். அங்கே 57 நாள் உண்ணாதிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இருக்கிறது. 30 நாள் நோற்ற இளைய படாரரின் கல்வெட்டும் இருக்கிறது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகத்தையும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பையும் பயின்றோர், நீக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப்பிணி ஆகியவை நேர்ந்த இடத்திலேயே சல்லேகனை கூறப்பட்டிருப்பதை அறிவர். இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. தத்துவார்த்த சூத்திரம் இந்நோன்பிற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறது. வாழ விரும்புதல் ஒன்று. விரைவில் சாக விரும்புதல் மற்றொன்று. ஏனைய மூன்றும் நண்பர்பால் பற்று, நுகர்ந்த இன்பத்தை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல் என்பன. சாக விரும்புவதையே குற்றமென்று விலக்கிய நோன்பைத் தற்கொலை என்பது எங்ஙனம் பொருந்தும்? ஊர்வலத்தில் சென்றோரின் மனக்குறை நியாயமானதே என்பது நம் துணிபு.

ஆயினும் எதிர்த்தரப்பினர் கூறியதையும் கேட்கவேண்டும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் நடத்திய சொற்போர் வகுப்புகளில் விதி ஒன்று வைத்திருந்தோம். எதிர்த்தரப்பின் கருத்தை, அத்தரப்பினரே "ஆம், இதைத்தான் சொன்னோம்" என்று ஒப்புமாறு எடுத்துக்கூறிய பின்னரே ஒருவர் தம் கருத்தைச் சொல்லலாம். மாணவியர் முதலில் முகம் சுளிப்பார்கள். பின்பு அதில்தான் ஆர்வம் கொள்வார்கள். அநேகாந்தவாதத்தை வகுப்பறையில் நடைமுறைப்படுத்த அதனினும் எளிய வழி எமக்குத் தெரியவில்லை. அவ்விதிப்படி பார்த்தால், வழக்கிட்டோரின் அச்சம் இதுவே: படுக்கையில் கிடக்கும் முதியவளை, செலவுக்கு அஞ்சியோ குடும்பத்தின் புகழை விரும்பியோ உறவினர் நோன்பிற்குத் தள்ளினால் அவளைக் காப்பார் யார்? இவ்வச்சம் நம் சமயத்தை வெறுப்பதால் மட்டும் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அம்முதியவள் தானே வேண்டி, தெளிந்த அறிவோடு ஏற்றாலன்றி அது சல்லேகனை ஆகாது. அவ்வாறு ஏற்கப்படாத இடத்தில் நடப்பது கொலை என்று நாமே முன்வந்து உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஊர்வலங்களில் அக்குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை.

இனி அடுத்த மாதத்திற்கு வருவோம். செப்டம்பரில், சுவேதாம்பரரின் பரியூஷண நாள்களை முன்னிட்டு மும்பையிலும் அதனை அடுத்த மீரா-பயந்தரிலும் இறைச்சி விற்பனைக்குத் தடை அறிவிக்கப்பட்டது. மும்பையில் நான்கு நாள், மீரா-பயந்தரில் எட்டு நாள். (நம் தசலட்சண பருவம் அதன் பின்னர் வருவது. ஆனால் வெளியார்க்கு நாம் எல்லோரும் ஒருவரே.) உடனே கொந்தளிப்பு எழுந்தது. சில கட்சியினர் தெருவிலேயே இறைச்சிக் கடை விரித்துக் காட்டினர். மீன் பிடித்தும் ஆடு அறுத்தும் பிழைப்போர், "எங்கள் உலையில் என்ன வேகவேண்டும் என்பதை இவர்கள் சொல்வதா?" என்று கேட்டனர். மும்பை மாநகராட்சி இறங்கி வந்தது; உயர்நீதிமன்றமும் விற்பனைத் தடைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

ஆகஸ்ட் மாதத்தில், "எங்கள் நம்பிக்கையில் அரசு தலையிடலாகாது" என்றோம். செப்டம்பர் மாதத்தில், "எங்கள் நம்பிக்கைக்காக அரசு தலையிட்டது நன்று" என்று நம்மவருள் பலர் மகிழ்ந்தனர். இவ்விரண்டும் ஒரே நாவில் எவ்வாறு தங்கும்? வெளியார் நம்மைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

இறைச்சித் தடையை ஆதரிப்போர்க்கும் சான்று உண்டு. அகமதாபாத் மாநகராட்சி பரியூஷண காலத்தில் ஒன்பது நாள் தன் இறைச்சிக்கூடங்களை மூடியது செல்லும் என 2008ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமே கூறியது. சில நாள் பொறுத்துக்கொள்ளுதல் பிறர் உணர்வை மதிப்பதாகும் என்பது அதன் போக்கு. அக்பர் மன்னரையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சட்டத்திற்கு அது போதும். நாம் கேட்பது வேறு: அதனால் யார் நெஞ்சில் கருணை விளைந்தது? மகாவீரர் ஜெயந்தியன்று இறைச்சிக் கடைகளை மூடுமாறு நம் மாநிலத்திலும் மாநகராட்சிகள் அறிவிக்கின்றன. முதல்நாள் மாலையில் அக்கடைகளில் கூட்டம் நெரிவதை நகரத்தில் வாழ்வோர் அறிவர். பெருமானின் பெயரை அன்று அவர்கள் எவ்வாறு நினைப்பர்?

கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950ஆம் ஆண்டிலேயே இங்கு இயற்றப்பட்டது. நெடுங்காலம் அது ஏட்டில் உறங்கியது. 2003ஆம் ஆண்டு அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டபோது நம் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்கிற்று. ஆனால் ஐயனாரையும் மாரியம்மனையும் குலதெய்வமாகக் கொண்ட எளிய மக்கள், தங்கள் வழிபாட்டையே குற்றமாக்கியதாக அதனை உணர்ந்தனர். வந்தவாசி, ஆரணிப் பக்கத்து ஊர்களில் அவர்களோடு வரப்பைப் பகிர்ந்து உழுது வாழ்பவர்கள் நாம். அவர்களுடைய நம்பிக்கையும் பொதுமக்கள் கருத்தாயிற்று. மறு ஆண்டே, 2004இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. ஐம்பது ஆண்டிற்கு மேல் இருந்த சட்டம் சில மாதம் பயன்படுத்தியதும் மறைந்தது!

விரதம் என்ற சொல்லின் பொருளை இங்கு நினைக்கவேண்டும். தீமையிலிருந்து தானே விலகி நிற்றலே விரதம். அணுவிரதமாயினும் மகாவிரதமாயினும் ஏற்பவர் கை குவித்து ஏற்கவேண்டும். பிறர் தலையில் சுமத்தியது சுமையே. சல்லேகனையை அரசு தடுக்கலாகாது, குடும்பம் திணிக்கலாகாது என்பதும், புலால் மறுத்தலைக் காவலரைக்கொண்டு நிறுவலாகாது என்பதும் இந்த ஒரே விதியிலிருந்து பிறப்பன. சட்டமின்றி நம் முன்னோர் சாதித்ததைப் பாருங்கள். புலால் மறுத்தலைத் தமிழகத்தில் பரப்பியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று அவ்வுணவிற்குச் சைவம் என்று பெயர்! பெயர் போனதில் வருத்தமில்லை, பழக்கம் நின்றதே.

இக்கருத்தை அண்மையில் ஒரு கூட்டத்தில் கூறியபோது இளைஞர் ஒருவர் எழுந்து, "அம்மா, உடன்படலும் வினை என்றீர்கள். கொலையைத் தடுக்கும் ஆணையை வேண்டாம் என்பது கொலைக்கு உடன்படுவது ஆகாதா?" என்று வினவினார். நல்ல வினா. நாம் அவருக்குச் சுவேதாம்பர மரபில் வழங்கும் கதை ஒன்றைச் சொன்னோம். காலசௌகரிகன் என்பவன் நாள்தோறும் ஐந்நூறு எருமைகளைக் கொல்பவன். ஒரு நாளேனும் கொலை நிற்கவேண்டும் என்று சிரேணிக மன்னன் அவனைக் கிணற்றுக்குள் இறக்கிவைத்தான். மறுநாள் மகாவீரரிடம் சென்று, கொலையை நிறுத்திவிட்டதாக மகிழ்ந்து கூறினான். பகவானோ, அவன் கிணற்றுச் சேற்றில் எருமைகளை வரைந்து வரைந்து மனத்தால் ஐந்நூறையும் கொன்றுவிட்டான் என்றார்.

இளைஞர் சற்று எண்ணிப் பார்த்து, "ஆனாலும் அன்று ஐந்நூறு எருமைகள் பிழைத்தன அல்லவா, அம்மா?" என்றார். பிழைத்தன என்று ஒப்புக்கொண்டோம். அவற்றின் பொருட்டுச் சிரேணிகன் செய்ததை நாம் இகழவில்லை என்றும், ஆனால் மூன்றாம் நாள் அவன் என்ன செய்திருப்பான் என்பதைச் சிந்தித்து வருமாறும் கூறினோம். வரும் தசலட்சணத்தில் விடையோடு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.