காற்றுக்குப் போன பங்கு

பிரான்ஸின் கோன்யாக் நகரத்தில் பழைய கிடங்குகளின் ஓடுகளும் சுவர்களும் கறுத்தே இருக்கும். அது புகைக் கறை இல்லை. உள்ளே அடுக்கிய பீப்பாய்களிலிருந்து கசியும் கோன்யாக் பிராந்தியின் ஆவியை உண்டு வாழும் ஒரு பூஞ்சை. 1872-இல் போதுவான் என்பவர் அதைக் கவனித்து எழுதிவைத்தார். 2007-இல் அறிவியலார் அவர் பெயரையே அதற்குச் சூட்டி, போதுவானியா என்றார்கள். எந்தக் கிடங்கில் சரக்கு இருக்கிறது என்பதை அங்கே ஓடுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு விழுக்காடு இப்படிக் காற்றுக்குப் போகிறது. முப்பது ஆண்டு கிடந்த பீப்பாயில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு காணாமல் போயிருக்கும். தேவதைகளின் பங்கு என்பார்கள். எனக்கு நினைப்பெல்லாம் அந்தப் பங்கின் மீதுதான். நல்ல கோன்யாக்கோ விஸ்கியோ கைக்கு வரும்போதெல்லாம், கிளாஸில் இருப்பதை உருவாக்கியதே போய்விட்ட அந்தப் பாதிதான் என்று தோன்றுகிறது.

*

கோன்யாக்கின் தொடக்கம் ஓர் எளிய ஒயின். உக்னி பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைதான் அந்தப் பகுதித் தோட்டங்களில் பெரும்பாலும். மெலிந்த ரசம், மிகுந்த புளிப்பு, ஆல்கஹால் பத்து விழுக்காட்டை ஒட்டி. சாப்பாட்டோடு ஊற்றிக் குடிக்க யாருக்கும் ஆசை வராது. ஆனால் அந்தப் புளிப்புதான் அதற்குக் காவல். கந்தகம் சேர்க்காமலே குளிர்காலம் முழுக்க அது கெடாமல் நிற்கிறது. அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் வாலையில் ஏற்றிக் காய்ச்சி முடித்தாக வேண்டும் என்பது சட்டம்.

செப்பு வாலையில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். இரண்டாம் முறை, முதலில் இறங்கும் காரமானதையும் கடைசியில் வரும் கனத்ததையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பிடிப்பார்கள். எழுபது விழுக்காட்டை ஒட்டிய, தண்ணீர் போன்ற திரவம். நிறம் பிறகு வருவது, ஓக் மரத்திலிருந்து. லிமூசின், ட்ரோன்சே காடுகளின் ஓக். பலகைகளை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, கசப்பை மழை கழுவிக்கொண்டு போன பிறகே பீப்பாய் செய்வார்கள். (கருக்கிய சர்க்கரை சேர்த்து நிறத்தைச் சரிக்கட்டச் சட்டம் இடம் தருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரம் தந்த நிறம் போதும்.)

*

கிடங்கின் ஈரப்பதத்தைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொண்டபோது வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஈரமான நிலவறையில் ஆல்கஹால் அதிகம் ஆவியாகும். திரவம் இளகி, மென்மையாகும். உலர்ந்த மாடியில் தண்ணீர் அதிகம் போகும். மிஞ்சுவது விறைப்பாக, கூர்மையாக நிற்கும். ஒரே தோட்டம், ஒரே வாலை, ஒரே நாளில் அடைத்த இரண்டு பீப்பாய்களைத் தரைக்கு ஒன்றும் மாடிக்கு ஒன்றுமாக அனுப்பினால், வருடங்கள் கழித்து இரண்டும் வேறு வேறு குணம். எது மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது எது போகிறது என்பதுதான்.

மிகப் பழையவற்றை ஒரு கட்டத்தில் மரத்திலிருந்து எடுத்து, கூடை பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு மரமும் சேராது, காற்றும் எடுக்காது. வயது அங்கே நின்றுவிடும். அந்த உள்ளறைக்குச் சொர்க்கம் என்றே பெயர்.

*

கோன்யாக் தயாரிக்கும் ஹென்னஸி நிறுவனத்தில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு குழு கூடி, சிறு கிளாஸ்களில் மாதிரிகளை முகர்ந்து, நாவில் வைத்து, துப்பிவிடுகிறது. எது இன்னும் பீப்பாயில் கிடக்கட்டும், எது கலவைக்குப் போகட்டும், எதைப் பழைய பீப்பாய்க்கு மாற்றலாம் என்பது அங்கே முடிவாகும். தலைமைப் பொறுப்பு ஃபிலியூ குடும்பத்திடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த ரெனோ ஃபிலியூ 2017-இல் பொறுப்பேற்றார். அந்தக் குழுவில் புதிதாகச் சேர்பவர் பத்து ஆண்டுகள் உடன் அமர்ந்து பழக வேண்டும், அதுவரை அவர் கருத்துச் சொல்வதில்லை. பத்து ஆண்டு வெறுமனே முகர்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல்! நாவுக்குக் கற்றுத்தர அத்தனை காலம் பிடிக்கும் என்பதை நம்புகிறேன்.

*

மதுவால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அளவு வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. முப்பது மில்லி, அதோடு சரி. போதை வேண்டியவருக்கு இந்தக் கிளாஸில் ஒன்றும் இல்லை.

வயிறு அகன்ற பலூன் கிளாஸ் வேண்டாம். ஆல்கஹாலை மூக்கில் அறையும். வாய் குறுகிய சின்ன கிளாஸ் போதும். ஊற்றியதும் குடிக்காமல் வைத்துவிடுகிறேன். முதலில் கிட்டே போகாமல், கொஞ்சம் தள்ளியிருந்தே வாசனை. பூ, பிறகு காய்ந்த வாதுமை. மெல்லச் சுழற்றினால் அடியிலிருந்து வேறொன்று எழும்: பழைய கோன்யாக்கில் அக்ரூட்டும் ஈரக் காளானும், மழைக்குப் பின் மரத்தடியில் வருமே, அந்த மணம். இந்த நேரமெல்லாம் கிளாஸிலிருந்து காற்றுக்குப் போவதைத்தான் மூக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. கிடங்கில் கூரைக்குப் போன அதே பங்கு. அதற்குப் பிறகு ஒரு மிடறு. அது நாவில் தங்கும் நேரத்தைவிட முகர்ந்த நேரம் நீளம்.

*

ஸ்காட்லாந்தின் விஸ்கிக்குச் சட்டம் கேட்பது ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு. ஐலா தீவில் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்ற மட்கிய தாவர மண்ணை எரித்து, அதன் புகையில் பார்லி முளையை உலர்த்துகிறார்கள். அந்தப் புகை மணத்தில் குவாயகால் என்ற சேர்மத்துக்குப் பெரிய பங்கு. 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினி வழியே ஆராய்ந்து, தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் குறையும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று காட்டினார்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் விஸ்கி மணக்கத் தொடங்குவதைக் குடிப்பவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஐஸ் கட்டி போட்டால் மணம் ஒடுங்கிவிடும்.

பெங்களூரின் அம்ருத் வடிசாலை இதே வேலையை வெப்பத்தில் செய்கிறது. அங்கே ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் காற்றுக்குப் போகிறது. நாற்பது ஆண்டு அங்கே காத்திருந்தால் பீப்பாயில் ஒன்றும் மிஞ்சாது. நாலைந்து ஆண்டிலேயே மரம் தன் வேலையை முடித்துவிடும். வயதின் எண்ணை மட்டும் பார்த்து மதிப்பிடுபவர்கள் அந்த விஸ்கியிடம் நியாயமாக நடந்துகொள்வதில்லை என்பது என் எண்ணம். 2004-இல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கொண்டுபோய் வைத்த இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அந்தத் துணிவை மதிக்கிறேன்.

*

பாட்டிலில் அடைத்த பிறகு கோன்யாக்குக்கும் விஸ்கிக்கும் வயது ஏறாது. அலமாரியில் இருபது வருடம் பூட்டி வைத்தாலும் உள்ளே அதே திரவம்தான். திறந்த பிறகோ, பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று கூடி, மாதங்கள் போகப் போக மணம் தளரும். அந்தக் கட்டம் வரும்போது, ரசனையுள்ள நண்பர்கள் இரண்டு பேரைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லி, ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிவிடுவது என் வழக்கம்.