பதில் சொல்ல நேரமில்லாத குற்றச்சாட்டு

தேர்தலில் எதிராளியின் குறைகளை எடுத்துச் சொல்வது பாவமா? அப்படிச் சொல்வதற்கில்லை. பொதுப்பணத்தைக் கையாள வருபவனின் கை சுத்தமானதா என்பதை மக்கள் அறியத்தான் வேண்டும். ஆனால் எதைச் சொல்கிறோம் என்பதில் மட்டுமல்ல, எப்போது சொல்கிறோம் என்பதிலும் நீதியும் அநீதியும் உண்டு.

2013 செப்டெம்பர் 21ஆம் திகதி வட மாகாண சபைக்கு முதற் தடவையாகத் தேர்தல் நடைபெற்றது. அன்று காலை யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகையைப் போலவே அச்சிடப்பட்ட போலிப் பத்திரிகையொன்று விநியோகிக்கப்பட்டது. கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத்துடன் இணைந்துவிட்டார் என்பது அதில் வந்த செய்தி. 2009 மே மாதம் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்து காணாமற்போன கணவரைத் தேடிக்கொண்டிருந்த பெண் அவர். எனினும் 87,870 விருப்பு வாக்குகள் பெற்று வெற்றியடைந்தார்.

அந்தப் பொய் ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் அவர் மேடையேறி மறுத்திருப்பார். வாக்களிப்பு நாளன்று வந்ததன் நோக்கமே அந்த மறுமொழி எழாமற் செய்வதுதான். நம் நாட்டில் வாக்களிப்புக்கு முந்திய இரு நாட்களும் பிரசாரத்துக்குத் தடை. மக்கள் அமைதியாகச் சிந்திப்பதற்கென ஏற்பட்ட இவ்விதி, அதை மதிப்பவனின் வாயை மட்டுமே கட்டுகிறது. மீறுபவனின் வாயை அன்று.

அப்படியானால் சொல்வது உண்மையாயிருந்தால் குற்றமில்லையா? 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு ஐந்து நாட்களே இருக்கையில், ஜோர்ஜ் புஷ் 1976இல் குடிபோதையில் வாகனம் ஓட்டிப் பிடிபட்ட செய்தி வெளியாயிற்று. அது உண்மை, அவரும் ஒப்புக்கொண்டார். அத்தேர்தலில் புளோரிடா மாநிலத்தைத் தீர்மானித்தவை 537 வாக்குகளே. இத்தகைய நெருக்கமான போட்டியில் ஒரு பிற்பகற் பேச்சே முடிவை மாற்றிவிடக்கூடும். எண்ணி முடிந்த வாக்கை எந்த மன்னிப்பும் திருப்பித் தராது.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இக்குறையை நீர் எப்போது அறிந்தீர்? ஒரு மாதம் முன்னரே அறிந்திருந்தால், அது மக்களுக்கு ஆபத்தானதென்றால், அம்மாதம் முழுவதும் மறைத்தது மக்களுக்குச் செய்த துரோகமல்லவா? ஆபத்தில்லையென்றால், இப்போது சொல்வது எதற்காக? எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை மட்டும் கண்டிப்பதில்லை. தக்க காரணமின்றிப் பிறர் குற்றத்தை அம்பலப்படுத்துவதும் பாவமென்றே திருச்சபை போதிக்கிறது. உண்மையாகவே கடைசி நாளில்தான் தெரிய வந்ததா? அப்படியானால் சொல்லுங்கள்; ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பதிலையும் கேட்டு, அதனுடன் சேர்த்தே சொல்லுங்கள்.

வன்னியில் இது தூரத்துக் கதையன்று. இங்கே கட்சிகளுக்கிடையேயான போட்டியை விட, ஒரே பட்டியலில் நிற்போர் விருப்பு வாக்குக்காக இடும் போட்டி சில வேளைகளில் கடுமையானது. மேடையில் தோளோடு தோள் நின்றவரைப் பற்றியே கடைசி இரவில் கைத்தொலைபேசியில் ஒரு கதை வரும். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ அதன் மறுப்பு வந்து சேருமுன் வாக்களிப்பு முடிந்துவிடும்.

சட்டம் இதைத் தடுக்குமென்று காத்திருக்க வேண்டாம். கடைசி மூன்று நாட்களில் வரும் கதையை, மறுபக்கம் கேட்கும்வரை நம்புவதுமில்லை, பிறருக்கு அனுப்புவதுமில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிக்கட்டும். அயலவனைப் பற்றி ஊரிலே ஒரு பழி எழுந்தால் அவனையும் கேட்டல்லவா தீர்ப்புச் சொல்கிறோம்? வாக்கும் ஒரு தீர்ப்புத்தான்.