காந்த உவமையும் மின்னோட்டமும்

தான் அசையாமல் பிறிதொன்றை அசைப்பது இயலுமா என்ற கேள்விக்கு இந்தியத் தத்துவம் நெடுங்காலமாகக் காட்டிவந்த சான்று காந்தம். செயலற்ற புருடன் (உயிர்) அருகில் இருப்பதாலேயே பிரகிருதி (மூல இயற்கை) இயங்குகிறது என்றனர் சாங்கியர். 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், பொறிகள் உயிரால் அறிவதுபோல உயிர்கள் இறைவன் அருளால் அறிகின்றன என்று சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் கூறி, காந்தத்தின் முன் நிற்கும் இரும்பை உவமை காட்டினார்.

சாங்கியருக்குச் சங்கரர் எழுப்பிய தடை மிகக் கூர்மையானது. வெறும் அருகிருப்பே காரணமானால், புருடன் என்றும் அருகில் இருப்பதால் இயக்கமும் ஓயாமல் நிகழ வேண்டும். காந்தத்தின் அருகிருப்போ வந்து போவது.

1820இல் இந்த உவமையின் அடித்தளமே மாறியது. டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கான்டின் தத்துவத்தில் ஊறியவர். இயற்கையின் விசைகள் அனைத்தும் வேரில் ஒன்றே என்று நம்பித் தேடியவர். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதை அவர் கண்டார். ஓட்டத்தை எதிர்த்திசையில் விட்டால் முள்ளும் எதிர்ப்பக்கம் திரும்பும். கம்பியைச் சுற்றி வட்டமிடும் காந்தப் புலம், கம்பியைச் சுருளாக்கினால் சுருளின் நடுவே ஒரே திசையில் திரளும். ஓட்டம் கூடினால் புலமும் வலுக்கும். நிலைக்காந்தத்தின் உள்ளும் நுண்ணிய மின்சுழல்கள் உண்டு என்றார் ஆம்பியர். மேலும், காந்தம் இரும்பை இழுக்கும் அதே அளவுக்கு இரும்பும் காந்தத்தை இழுக்கிறது. ஆகவே அசையாத இயக்குநனுக்குக் காந்தம் இனிச் சான்றாகாது. சங்கரரின் தடையோ முன்னிலும் வலுப்பெறுகிறது: ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒருவர் வேண்டும். இறைவனுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் சத்திகளைச் சைவம் கூறுவதன் தேவை இங்கே விளங்கும்.

உவமை இதனால் வீழ்ந்துவிடவில்லை. அது ஒரு பக்கம் மட்டுமே ஒத்துவரும் ஒருபுடை ஒப்புமைதான். அதன் உயிர்ப்பான பக்கம் இரும்பில் இருக்கிறது. 1825இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தத்தில், கம்பிச்சுருள் சுற்றிய சுமார் 200 கிராம் எடையுள்ள இரும்பு 4 கிலோ எடையைத் தூக்கியது. ஓட்டம் நின்றதும் அந்த ஆற்றலை இழந்தது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று சித்தாந்தம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அரிது. எஃகு இங்கே உதவாது. ஓட்டம் நின்ற பின்னும் அது தானே காந்தமாய் நிற்கும்; உயிரோ முத்தியிலும் சிவத்தைச் சார்ந்தே நிற்கும் என்பது சித்தாந்தத்தின் துணிபு.